பந்தை யார் கொடுப்பது?

பெரியமேட்டில் சைடனாம்ஸ் சாலையோரம் நடந்தால் தோல் வாசனை வரும். பதப்படுத்திய தோலும் ஒட்டுப் பசையும் கலந்த வாசனை. அக்கா மகளுக்கு ஷின் கார்டு வாங்க அண்மையில் அந்தப் பக்கம் போயிருந்தேன். கடைக்காரர் விலை சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் விழவில்லை. மனசு பெரம்பூருக்குப் போய்விட்டது.

பெரியப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஷாப்புகளுக்கிடையே நடக்கும் போட்டிகளில் வலது ஓரத்தில், ரைட் அவுட்டாக ஆடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய பூட்ஸ் திண்ணைக்கு வரும். முதலில் ஈரத்துணியால் துடைப்பார். பிறகு விளக்கெண்ணெயை விரலால் தொட்டு, தோலின் மடிப்புகளுக்குள் அழுத்தித் தேய்ப்பார். அடியில் இருக்கும் ஸ்டட்ஸ் ஆணி வைத்து அடித்தவை. ஆட ஆட ஆணி மேலே முளைத்து உள்ளங்காலைக் குத்தும். பூட்ஸுக்குள் கையை விட்டு ஒவ்வோர் ஆணியாகத் தடவிப் பார்ப்பார். உறுத்துகிற இடத்தைக் கண்டுபிடித்ததும் கையை நீட்டுவார். சுத்தியலை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

சுத்தியல் தட்டுகிற சத்தத்தோடு பேச்சும் ஓடும். யாரை இறக்கியிருக்க வேண்டும், யாரை உட்கார வைத்திருக்க வேண்டும், எந்தப் பக்கமாகப் பந்தைக் கொண்டுபோயிருக்க வேண்டும். எதிர் வீட்டுக்காரர் செய்தித்தாளோடு வந்து உட்கார்ந்துவிட்டால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்.

“சென்டர் ஃபார்வர்ட் கோல் அடிக்கலன்னு திட்டுறானுங்க. அவனுக்குப் பந்து யாரு குடுத்தா? அத மொதல்ல சொல்லு.”

பெரியப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான். பந்து ஓரத்திலிருந்து வர வேண்டும். கோட்டை ஒட்டிக் கொண்டுபோய், கார்னர் கொடி வரை இழுத்து, அங்கிருந்து தூக்கிப் போட வேண்டும். அவர் ரைட் அவுட் என்பதால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அன்றைய தரை அப்படி. நடுவில் புல் இருக்காது. மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் கல். நாலு தடவை தரையோடு பாஸ் கொடுத்தால் ஐந்தாவது தடவை பந்து எங்கே எகிறும் என்று யாருக்கும் தெரியாது. ஓரத்தில்தான் கொஞ்சம் புல் மிச்சமிருக்கும்.

சென்னை லீக் ஆட்டங்களுக்குப் பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க் என்று அணிகளின் பெயரெல்லாம் அலுவலகங்களின் பெயர்கள். அந்தக் காலத்தில் ஓர் அணியில் யார் இருப்பார்கள் என்பதை முடிவு செய்தது ஸ்போர்ட்ஸ் கோட்டா. ஒரு பையன் நன்றாக ஆடினால் அவனுக்கு வேலை. வேலை கிடைத்துவிட்டால் அவன் அந்த அணிக்கே சொந்தம். காலையில் பயிற்சி, அப்புறம் கையெழுத்து, மாலையில் ஆட்டம். முடி நரைக்கிற வரைக்கும் அதே ஜெர்சி. அதனால் கேலரியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒவ்வோர் ஆட்டக்காரனையும் அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். எந்த முட்டியில் வலி, வீட்டில் என்ன விசேஷம், இடது காலை எதற்குப் பயன்படுத்த மாட்டான் எல்லாம் தெரியும். திட்டும்போதும் பெயர் சொல்லி, உறவு சொல்லித்தான் திட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் அதே பையன் டீக்கடைக்கு வருவான். திட்டியவரே டீ வாங்கிக் கொடுப்பார்.

அந்த வாழ்க்கை மெல்லக் குறைந்தது. வேலைக்கு ஆள் எடுப்பது சுருங்கியது. வீட்டுக்கு வீடு டிவி வந்து, கிரிக்கெட் தெருவையே எடுத்துக்கொண்டது. அப்புறம் இங்கிலீஷ் லீக் வந்தது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பையன்கள் ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் அவர்களைப் பற்றி வாதம் செய்யக் கேலரியில் ஆள் இல்லை.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கி, சென்னையின் எஃப்சி என்று ஓர் அணி வந்தபோது பெரியப்பா ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. முட்டி இரண்டும் தேய்ந்திருந்தன. இருந்தாலும் முதல் ஹோம் மேட்சுக்கு வந்தே தீருவேன் என்றார். நேரு ஸ்டேடியத்தின் படிகளில் ஒவ்வொன்றாக நின்று நின்று ஏறினோம். எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். பாதி கேலரி நீலம், மீதியில் மஞ்சள். எலானோ பெனால்டியில் ஒரு கோல், மெண்டோசா ஒரு கோல், 2-1 என்று ஜெயித்தோம்.

எலானோ பிரேசில் அணிக்கு ஆடியவர், வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதிகம் ஓட மாட்டார். பக்கத்திலிருந்த இளைஞர்கள் அதற்காக அவரைச் சத்தம் போட்டார்கள். பெரியப்பா அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

“அவன் எதுக்குப்பா ஓடணும்? பந்து ஓடுது பாரு.”

எனக்கு ஆச்சரியம். வாழ்நாளெல்லாம் ஓரத்தைப் பற்றியே பேசியவர், நடுவில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கிற ஒருவரை அன்றைக்குக் கண் கொட்டாமல் பார்த்தார். அந்தத் தரையில் பந்து எகிறவில்லை. அந்த சீசன் எட்டு கோல் அடித்து எலானோவே தங்கக் காலணியும் வாங்கினார்.

வீடு திரும்பும்போது மட்டும் ஒன்று கேட்டார். “முன்னாடி நம்ம பையன் ஒருத்தன்கூட இல்லியேடா?” அப்போதைய விதி, பதினோரு பேரில் ஆறு பேர் வரை வெளிநாட்டவர் ஆடலாம் என்பது. ஜேஜே லால்பெக்லுவா மிசோரமிலிருந்து வந்து நம் அணியிலேயே பல வருடம் நிலைத்தார். நாங்கள் அவரை எங்கள் பையனாகவே நினைத்தோம். ஆனால் பெரியப்பா கேட்டது வடசென்னைப் பையனை.

அந்த வருட அரையிறுதியைப் பற்றி இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கொச்சியில் 3-0 என்று தோற்றுவிட்டு இங்கே வந்து, 90 நிமிடத்துக்குள் மூன்றையும் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 117ஆவது நிமிடம் ஸ்டீபன் பியர்சனிடம் ஒரு கோல் வாங்கி வெளியேறினோம். அடுத்த வருடம் கோப்பை. பாதி சீசனில் பட்டியலின் அடியில் கிடந்த அணி. டிசம்பர் வெள்ளத்தால் அரையிறுதியின் ஹோம் மேட்சைப் புணேயில் ஆட வேண்டி வந்தது. கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தோம். எங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் இன்னும் காயவில்லை. கடைசி நிமிடங்களில் 1-2 என்று பின்தங்கியிருந்தபோது பெரியப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். கோவா கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டுப் பந்து உள்ளே போன சத்தத்துக்கு உள்ளே வந்தார். மெண்டோசா அடித்த வெற்றி கோலைப் பார்த்தார். அந்த சீசனில் மெண்டோசாவின் 13ஆவது கோல் அது.

“நாம அடிச்சது ரெண்டு, அவங்க குடுத்தது ஒண்ணு” என்றார். அதுதான் அவர் கணக்கு. கொடுத்ததை அடித்ததோடு சேர்க்கவே மாட்டார்.

2018 அரையிறுதியைப் பார்க்க அவர் இல்லை. அந்த ஆட்டத்துக்கு நான் தனியாகப் போனேன். தனியாக என்று எங்கே சொல்வது, பி ஸ்டாண்டில் யாரும் தனியாக உட்கார முடியாது. பறையும் டிரம்மும் முழங்க, முன்பின் தெரியாத ஒருவர் தோளில் கை போட்டபடிதான் முழு ஆட்டமும் நடக்கும். கோவாவில் 1-1. இங்கே ஜெயித்தால் இறுதி ஆட்டம். ஜேஜே தலையால் முட்டி முதல் கோல். நாங்கள் உட்காருவதற்குள் இரண்டாவது. தனபால் கணேஷ், வியாசர்பாடிப் பையன். நடுக்கள ஆட்டக்காரர், கோல் அடிப்பது அவர் வேலையே இல்லை. மேலே எழும்பி, கழுத்தைத் திருப்பி முட்டினார். என் தோளில் கை போட்டிருந்தவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரும் வியாசர்பாடிதான் என்று அப்புறம் தெரிந்தது. “எங்க தெருவுல ஆடுவான் சார் அவன்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டம் 3-0. நான் பார்த்த கோல்களில் எனக்கு மிக நெருக்கமானது கணேஷ் அடித்த அந்த ஒன்றுதான்.

நான்கு நாள் கழித்துப் பெங்களூரில் இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிடமே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அப்புறம் இரண்டு கார்னர், இரண்டும் மைல்சன் ஆல்வஸ் தலை. மூன்றாவதை ரஃபேல் அகஸ்டோ அடிக்க, 3-2 என்று இரண்டாவது கோப்பை.

அந்தக் கொண்டாட்டத்திலும் எனக்குள் ஒரு சின்ன நெருடல் இருந்தது. மைல்சன் பின்களத்துக்காரர். நம் அணியின் கோல்கள் அதிகமும் கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் வந்தன. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஜேஜேவை விட்டால் அடிக்க ஆள் குறைவு. பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் பலம் ஒழுங்கான பின்களம். முன்னால் போதுமான அளவுக்கு ஏதாவது நடந்துவிடும் என்று நம்பினார். அந்த வருடம் நடந்தது. அடுத்த வருடம் பின்களத்தில் ஆடிய ஹென்ரிக் செரேனோ போய்விட்டார். கணேஷுக்கு முட்டியில் காயம். ஜேஜேவின் காலில் கோல் வறண்டது. 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி, கடைசி இடம். கோப்பை வாங்கிய அணி மறு வருடமே பட்டியலின் அடியில். அப்போது கேலரியில் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: நல்ல ஸ்ட்ரைக்கரை வாங்கு.

அதே நேரத்தில் கோயம்புத்தூரில் வேறொன்று நடந்தது. சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக்கை வென்றது. பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார் என்பதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அவரைச் சுற்றி எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற நம் ஊர் ஆட்டக்காரர்கள் எவ்வளவு ஓடினார்கள் என்பதைச் சிலர்தான் பார்த்தார்கள்.

அடுத்த சீசனுக்குச் சென்னையின் எஃப்சியும் ஸ்ட்ரைக்கரை வாங்கியது. லிதுவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ். முதல் நான்கு ஆட்டத்தில் அணி ஒரு கோலும் அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு, நேரு ஸ்டேடியத்தில். 90 நிமிடம் முடிந்தும் 0-0. ஜனங்கள் எழுந்து போகத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தது. நம் அணியின் ஷெம்ப்ரி கோல் அடித்தார். அந்த அப்பா படியிலேயே திரும்பி நின்றார். குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. மூன்று நிமிடத்தில் ஹைதராபாத் சமன் செய்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அதே படியில் உட்கார்ந்தார். அடுத்த நிமிடம் வால்ஸ்கிஸ். 2-1. அந்த அப்பா குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார். அழுகை நின்று அது சிரித்தது. வருடக்கணக்கில் காத்திருந்தவர்களைப் போல நாங்கள் எல்லோரும் ஆடினோம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்ததைத்தான். நவம்பர் கடைசியில் கிரிகரி போய், டிசம்பரில் ஓவன் கொய்ல் வந்தார். ஆட்கள் ஏறக்குறைய அதே ஆட்கள். வால்ஸ்கிஸ் அதே வால்ஸ்கிஸ். ஆனால் ரஃபேல் கிரிவெலாரோவை நடுவில் அவிழ்த்துவிட்டார் கொய்ல். கிரிவெலாரோ தலை நிமிர்ந்து பந்தை வாங்குகிற நொடியிலேயே வால்ஸ்கிஸ் ஓடத் தொடங்கிவிடுவார். இன்னொரு பக்கம் லல்லியன்சுவாலா சாங்டே கிளம்பிவிடுவார். அனிருத் தாபாவும் வான்ஸ்பாலும் பின்னால் நின்று அடிக்கடி பந்தைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். ஓரத்துப் பின்களத்துக்காரர்கள் பெரியப்பாவின் ரைட் அவுட் மாதிரி கோட்டை ஒட்டி மேலே போனார்கள். அடிமட்டத்தில் கிடந்த அணி நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, இறுதி ஆட்டம் வரை போனது. வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார். அதே ஆள்தான் முதல் நான்கு ஆட்டத்தில் ஒன்றும் அடிக்காதவர்.

இறுதி ஆட்டம் 2020 மார்ச்சில், ஆளில்லாத ஸ்டேடியத்தில் நடந்தது. ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றோம். அப்புறம் இரண்டு சீசன் முழுக்கக் கோவாவில், பெரும்பாலும் பார்வையாளர் இல்லாமல். கொய்லும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார்கள். கிரிவெலாரோ 2020-21 சீசனின் நடுவில் கணுக்காலில் அடிபட்டு மீதி ஆட்டங்களை இழந்தார். அந்த சீசனில் அணி 20 ஆட்டத்தில் 11 டிரா. யார் யாரையோ முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். பந்து கொடுக்க ஆள் இல்லாதபோது யார் நின்று என்ன?

அக்கா மகள் இப்போது பள்ளி அணியில் நடுக்களம் ஆடுகிறாள். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது கையில் ஃபோன் இருக்கும். எந்த ஆட்டக்காரர் எத்தனை வாய்ப்பு உருவாக்கினார் என்று அதில் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் ஒருநாள் ஸ்ட்ரைக்கரைத் திட்டினேன்.

“மாமா, நீங்க அவனையே பாக்குறீங்க. அவனுக்குப் பந்தே வரல. இது வரைக்கும் எத்தன தொட்டிருக்கான் பாருங்க” என்று ஃபோனை நீட்டினாள்.

பெரியப்பாவை அவள் பார்த்த நினைவுகூட மங்கலாகத்தான் இருக்கும். அவர் இருந்திருந்தால் இருவருக்கும் பெரிய சண்டை நடந்திருக்கும். பந்து ஓரத்திலிருந்து வரணுமா, நடுவிலிருந்து வரணுமா என்று. நானும் சேர்ந்துகொண்டிருப்பேன். என் கட்சி அவளுடைய நடுக்களக் கட்சிதான். எலானோ, ரஃபேல் அகஸ்டோ, கிரிவெலாரோ: சென்னையின் எஃப்சி சிறப்பாக ஆடிய வருடங்களில் பெரும்பாலும் நடுவில் இப்படி ஒருவர் இருந்தார்.

ஆனால் பெரியப்பா கேட்ட இன்னொரு கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. வெளிநாட்டவர் ஆறு பேர் என்ற விதி 2017இல் ஐந்தாகி, 2021இல் நான்காகிவிட்டது. இருந்தும் பெரும்பாலான அணிகள் அந்த நான்கில் ஒன்றிரண்டை முன்களத்துக்கே செலவிடுகின்றன. அங்கேதான் உடனே பலன் தெரியும். அதனால் இந்தியப் பையன்கள் ஓரத்துக்கும் பின்னுக்கும் தள்ளப்படுகிறார்கள். இத்தனை வருடமாகியும் நாடு முழுக்கக் கோலுக்கு சேத்ரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் வெளியே போய் ஆடினார். 2023 ஆகஸ்டில் டூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலில் கொல்கத்தாவே குலுங்கியது. பல வருடமாக அந்த டெர்பியில் ஜெயிக்காத ஈஸ்ட் பெங்கால் அன்று ஜெயித்தது. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் ஏடிகேவுக்கும் ஆடினார். சாங்டே இங்கிருந்து மும்பை போய் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். தாபா மோகன் பகான் போனார். சம்பளம், ஒப்பந்தம், ஆயிரம் காரணம் இருக்கும். ஆட்டக்காரனின் வாழ்க்கை சின்னது, நல்ல விலை வரும்போது அவன் போவதில் தப்பில்லை. ஆனால் ஒரு கிளப் யாரைத் தக்கவைக்கிறது என்பதும் அதன் ஆட்டமுறையில் ஒரு பகுதிதான். ஒரே மூவரை மூன்று சீசன் சேர்த்து ஆடவிட்டால் ஒருவர் ஓடுவதற்கு முன்பே மற்றவருக்குத் தெரியும். அதை வருடாவருடம் கலைத்துப்போட்டால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

2024-25 சீசனில் 13 அணிகளில் 11ஆம் இடம். அதற்கடுத்து 2025இல் லீக்கே நடக்குமா என்ற நிலை வந்து, ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். கலைந்துபோன ஓர் அணியை மறுபடி கட்டுவது கஷ்டம்தான். ஆனால் மறுபடி கட்டும்போதுதான் புதிதாக ஒன்றைச் செய்யவும் முடியும்.

அதனால் சென்னையின் எஃப்சி நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை. நடுவில் பந்து கொடுக்கத் தெரிந்த ஒருவரை முதலில் பிடியுங்கள். வெளிநாட்டவருக்கான இடங்களில் முதல் இடம் அவருக்குப் போகட்டும். முன்னால் தமிழ்நாட்டுப் பையன் ஒருவனை ஒரு சீசன் முழுக்க நிறுத்துங்கள். கடைசி பத்து நிமிடத்துக்கு இறக்கிவிட்டு, ஒன்றும் செய்யவில்லை என்று உட்கார வைக்காதீர்கள்.

பி ஸ்டாண்டில் என்னோடு உட்காரப்போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பையன் முதல் ஐந்து ஆட்டத்தில் வாய்ப்பைத் தவறவிடுவான். வால்ஸ்கிஸும் தவறவிட்டார். “வெளிய எடு” என்று அவனைப் பார்த்துக் கத்தாதீர்கள். அவனுக்குப் பந்து வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால், அதைக் கேட்டுக் கத்துவோம். நானும் சேர்ந்து கத்துகிறேன்.